காற்றுக்கும் சேர்த்து

பதினோராம் மாடி, சர்ஜாப்பூர் ரோடு.
புகார்ப் புத்தகத்தில் ஒரே வரி:
"சுவர் ஆணியைப் பிடிக்க மாட்டேன் என்கிறது."
பிடிவாதக் குழந்தையைப் பற்றிப்
பள்ளிக்கு எழுதியதுபோல.

கதவைத் திறந்தவர் நளினாட்சி ராவ்.
உடைந்த கண்ணாடியை இன்னும் அள்ளவில்லை,
சாட்சிக்கு வைத்திருந்தார்.
பக்கத்தில் கடிகாரம் குப்புற விழுந்து
ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விரலை மடக்கித் தட்டினேன்.
ஆறு வருடமாகத் தட்டுகிறேன், லேபில்.
சுட்ட செங்கல் 'டங்' என்று பதில் சொல்லும்.
எங்கள் கல் சொல்லாது,
கேட்டுக்கொள்ளும்.

உள்ளே என்ன இருக்கிறது என்றார் கன்னடத்தில்.
'காளி' என்றேன். காற்று.
என் தமிழ் நாக்கில் அது பாதி வழியிலேயே
'காலி' ஆகிவிட்டது.

"காலியா?
சதுர அடி எட்டாயிரம் கொடுத்து
காலியையா வாங்கினேன்?"

காற்று மட்டுமில்லை மேடம், சாம்பலும்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ராய்ச்சூரில் எரிந்து தீர்ந்த நிலக்கரியின் மிச்சம்.
மாதேவப்பா பல்கர் லாரியில்
நானூறு கிலோமீட்டர் கொண்டுவருகிற இந்தச் சாம்பலை
யாரும் நெற்றியில் இடமாட்டார்கள்.
வெயிலில் பறக்கும், மழையில் ஓடும்,
ஏரியில் கொட்டினால் மீனுக்கு மூச்சு முட்டும்.
மாதேவப்பாவுக்கு எப்போதும் நரைத்த புருவம்.
தங்கை கல்யாணத்தன்று குளித்துவிட்டு வந்து நின்றார்,
எனக்கு அடையாளம் தெரியவில்லை.
இளைஞர்.

சாம்பலோடு சுண்ணாம்பு, சிமெண்ட்,
உரக் கம்பெனி வேண்டாமென்று
மலையாகக் குவித்த ஜிப்சம்.
கடைசியில் கொஞ்சமே கொஞ்சம் அலுமினியப் பசை.
அதற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது என்பாள் ரெஹானா.
விதி ஒன்றுமில்லை, அவளாக வைத்துக்கொண்டது.
அச்சுக்குள் கூழ்
மெல்ல மூச்சை இழுக்கும்
இழுத்துக்கொண்டே மேலே வரும்
வெளியே விடாமல்
அப்படியே இறுகும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள்.
மூச்சு இருந்தால்தான் எங்களுக்குச் சுவர்.

டெலிவரி சீட்டைப் பார்த்தேன். பேட்ச் 1147.
தெரியும் எனக்கு இதை.
டிசம்பர், இரவு ஷிப்ட், தொட்டித் தண்ணீர் ஐஸ்.
1146 எழும்பவே இல்லை.
நடு உச்சியில் குழி விழுந்து
உட்கார்ந்துவிட்டது.
சுதர்ஷன் நாயக் அதை மண்வெட்டியால் கொத்திக் கரைத்து
மறுபடி தொட்டியில் விட்டான்.
கழிவின் கழிவுக்கும் எங்களிடம் இடம் உண்டு.
வீணான இரண்டு மணி நேரத்துக்குத்தான் இல்லை,
அதைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
1146ஐயும் குடித்துவிட்டு எழும்பியது
இந்தச் சுவர்.

நளினாட்சி ராவிடம் இதை எங்கிருந்து ஆரம்பிக்க?

சுத்தியலைப் பையிலேயே விட்டேன்.
டிரில்லுக்கு எந்த பாயிண்ட் என்று கேட்டேன்.
அவர் சுவிட்சைப் போட்டார்.
அப்போதுதான் தோன்றியது:
சுவருக்குள் ஓடும் வயரில் அதே ராய்ச்சூர் நெருப்பு,
வயரைச் சுற்றி அதன் சாம்பல்.
ஒரே அடுப்பில் பிறந்த இரண்டும்
இங்கே ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன,
ஒன்றையொன்று தெரியாமல்.

துளையிலிருந்து மாவு கொட்டியது.
நைலான் பிளக், நீள ஸ்க்ரூ, நாலு திருகு.
"தாங்குமா?"
இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக் காட்டினேன்.
அம்பத்தெட்டு கிலோ.
முதல்முறையாகச் சிரித்தார்,
காபி வேண்டுமா என்றார்.

சில்லையும் பொடியையும் செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டேன்.
சில்லுக்கு ஓர் இடம், பொடிக்கு நம் தொட்டி.

லிஃப்ட் கண்ணாடியில்
என் புருவம் நரைத்திருந்தது.
துடைக்காமல்
புகார்ப் புத்தகத்தைத் திறந்து,
'நிலை' என்ற கட்டத்தில் 'தீர்ந்தது' என்றும்
'காரணம்' என்ற கட்டத்தில்
'ஆணி' என்றும் எழுதினேன்.